மூக்கடைத்த வண்டி

தேயிலைக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். டீத்தூள் பொட்டலத்தையும் சோப்புக் கட்டியையும் ஒரே பையில் போட்டு வாங்கி வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காய்ந்த தூளுக்கே இப்படி என்றால், பறித்த ஈரத்தோடு மூட்டையில் கிடக்கிற பச்சைக் கொழுந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அன்று மத்தியானம் ரவிச்சந்திரன் என் ஒர்க்‌ஷாப் முன்னால் பிக்கப்பை நிறுத்திவிட்டு இறங்கியபோது அவன் முகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன்.

"என்ன ரவி, எங்காவது இடிச்சுட்டியா?"

"இடிச்சிருந்தாக் கூடப் பரவால்லீங்க்கா, இன்சூரன்ஸ் இருக்குது. கொழுந்து வாசம் அடிக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இதுக்கு எங்க போய் இன்சூரன்ஸ் போடறது?"

என் ஒர்க்‌ஷாப் குன்னூரிலிருந்து மஞ்சூர் போகிற ரோட்டில் இருக்கிறது. ரவியின் ஊர் குந்தாவுக்கு அந்தப் பக்கம். எஸ்டேட் ஃபேக்டரியில் பார்த்த வேலையை விட்டுவிட்டுப் போன வருஷம்தான் இந்தச் சின்ன பெட்ரோல் பிக்கப்பை வாங்கினான். முன் கண்ணாடியில் மனைவி பெயரைப் 'பிரியா' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறான். விடியும்போதே கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவான். திரும்பி வந்து வண்டியைக் கழுவிவிட்டு, சாயங்காலம் அவன் ஊர்ச் சரிவில் இருக்கிற சின்னத் தோட்டக்காரர்களின் கொழுந்தை எல்லாம் ஏற்றி ஃபேக்டரியில் சேர்ப்பான். அந்தக் கொழுந்து லோடுதான் அவனுக்கு நிரந்தரம். கேரட் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது.

கதையை அவனே சொன்னான். போன வாரம் முழுக்கக் கொழுந்தில் பெட்ரோல் வாசம். ஃபேக்டரியில் கொழுந்து வாங்குகிற சில்வஸ்டர் சார் பொறுமையான மனிதர்தான். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்து, "வண்டியைப் பாருப்பா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். ரவி டேங்க் மூடிதான் காரணம் என்று நினைத்து, கடையில் பூட்டுப் போட்ட புது மூடியாக வாங்கி மாட்டினான். வாசம் போகவில்லை. நேற்று சாயங்காலம் பெட்ரோல் வாசம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் அதோடு நீலகிரித் தைல வாசமும் சேர்ந்து அடித்தது.

"சார் மோந்து பாத்துட்டு என்ன கேட்டாரு தெரியுங்களா? 'முந்தாநேத்து பெட்ரோலு, இன்னைக்குத் தைலம், நாளைக்கு என்ன, மீன் குழம்பா?'ன்னாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிக்கறாங்க. இன்னைக்குக் கொழுந்தை வேற வண்டிதான் எடுக்குது. நாளைக்கு ஒரே ஒரு லோடு எனக்குக் குடுத்துருக்காரு. அதுலயும் வாசம் வந்துச்சுன்னா அப்புறம் அந்த வண்டியே வரட்டும்னுட்டாரு."

"தைலம் எப்படி வந்துச்சு?"

ரவி வண்டியின் மறுபக்கம் பார்த்தான். அங்கே சுடலையண்ணன் மஃப்ளரைச் சரி செய்தபடி இறங்கிக்கொண்டிருந்தார். ரவியோடு போகிற லோடுமேன். மேல் பையில் எப்போதும் ஒரு தைல பாட்டில் இருக்கும். தலைவலி, முட்டிவலி, கொசுக்கடி, மனக்கஷ்டம் எல்லாவற்றுக்கும் அதுதான் அவர் வைத்தியம். அவர் வருவதற்கு முன் வாசம் வந்துவிடும்.

"இவரு கைதாங்க்கா. மூட்டையைத் தொட்ட கை."

"ஏனுங்க அம்மிணி, நீங்களே சொல்லுங்க," என்றார் சுடலையண்ணன். "நான் கையுறை போட்டுத்தான் தூக்கறேன். வருஷக்கணக்கா மூட்டை தூக்கறேன், இத்தனை நாள் அடிக்காத தைலம் நேத்து மட்டும் எப்படி அடிக்கும்?"

நியாயமான கேள்வி. அதை மனதில் ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டேன்.

"வேற ஏதாவது வித்தியாசம் இருக்கா ரவி?"

"இருக்குதுங்க்கா. காத்தால இறங்கறப்ப மலையடியில கல்லாத்துக்கிட்ட வண்டி இருமி இருமி நின்னு போச்சு. பெட்ரோல் இருக்குதான்னு பாக்க மூடியைத் திறந்தேன், உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சு. மூடிட்டு ஸ்டார்ட் பண்ணா, ஒண்ணுமே நடக்காத மாதிரி போவுது."

நான் போய் மூடியைத் திறந்தேன். இங்கேயும் உஸ் என்றது. சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து டேங்க் வாய்க்கு அருகில் பிடித்தேன். தாள் வெளிப்பக்கம் படபடத்தது.

"காத்தால உள்ள இழுத்துச்சு, இப்ப வெளிய தள்ளுது," என்றான் ரவி. "வண்டிக்குப் புத்தி கித்தி மாறிப்போச்சுங்களா?"

சுடலையண்ணன் தாளை வாங்கி ராசிபலன் பார்த்தார். "சிம்மத்துக்குத் தடைன்னு போட்டிருக்குதுங்க."

"ரவி, நீ என்ன ராசி?"

"சிம்மந்தாங்க்கா."

அன்றைக்குக் காலண்டர் சரியாகத்தான் சொல்லியிருந்தது. ஆனால் அது எப்படி என்று புரிய வேண்டுமானால், பெட்ரோல் டேங்க் எப்படி மூச்சு விடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எனக்கு இதைச் சொல்வதில் கொஞ்சம் ஆசை அதிகம். இருவரையும் உட்கார வைத்துக் கையில் டீயைக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிக்கொண்டு வெடிக்கப் பார்ப்பதை இந்த மலையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாக்கெட்டுக்குள் இருப்பது கீழ்நாட்டுக் காற்று, அழுத்தம் அதிகம். மேலே வர வர வெளியே அழுத்தம் குறைகிறது. உள்ளே இருப்பது வெளியே வரத் துடிக்கிறது. இதற்கு நேர்மாறு தண்ணீர் பாட்டில். ஊட்டியில் குடித்து முடித்து இறுக்கி மூடிய காலி பாட்டில், கீழே போய்ச் சேர்வதற்குள் யாரோ மிதித்தது போல நசுங்கிக் கிடக்கும். ரவியின் டேங்க் மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட்டாகவும் இறங்கும்போது தண்ணீர் பாட்டிலாகவும் இருந்தது. அதாவது, அது மூச்சு விடவே இல்லை.

"டேங்க்கு எதுக்குங்க்கா மூச்சு விடோணும்?"

பெட்ரோல் சும்மா இருக்காது. எந்நேரமும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், சூடு பட்டால் இன்னும் வேகமாக. அந்த ஆவியை வெளியே விட்டால் நாற்றம், நெருப்புப் பயம், காற்றுக்கும் கேடு. வெளியே விடாமல் அடைத்து வைத்தாலோ டேங்க் உப்பும், நசுங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தவர் யாரோ, அவரை நேரில் பார்த்தால் நான் கும்பிடுவேன். அவர் டேங்க்குக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் கரி நிரப்பிய ஒரு டப்பாவை வைத்தார். கேனிஸ்டர் என்று சொல்கிறோம். சாதாரணக் கரி இல்லை, ஒவ்வொரு துணுக்கிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்த கரி. டேங்க்கிலிருந்து வருகிற ஆவி அந்த ஓட்டைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். காற்று மட்டும் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே போகும். வண்டி ஓடும்போது எஞ்சின் தன் பக்கமிருந்து இழுக்கும். அதே சின்னக் குழாய் வழியாகப் புதுக் காற்று உள்ளே வந்து, கரியில் ஒட்டியிருக்கிற ஆவியைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு எஞ்சினுக்குள் போகும். எல்லாம் எரிந்து, அந்த ஆவியும் வண்டியை ஓட்டும். ஒரு சொட்டு வீணில்லை.

"அப்பக் கரி காலியாயிரும்," என்றார் சுடலையண்ணன்.

"ஆமாண்ணா. அடுத்த தடவை ஆவியைப் பிடிக்க இடம் ஆயிரும்."

"லோடு இறக்கிட்டுத் திரும்ப ஏத்தற மாதிரி."

அதைவிட அழகாக எனக்குச் சொல்ல வராது.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். பெட்ரோல் ஆவி போகிற வழியில் கோளாறு என்று சொன்னது. ஸ்கேனர் எப்போதும் அப்படித்தான், எந்தத் தெரு என்று சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது. எங்கோ அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் போன வாரப் பெட்ரோல் வாசத்துக்கு அடைப்பு காரணமாக இருக்க முடியாது. அதற்கு எங்காவது கசிவு இருக்க வேண்டும். ஒரே குழாய் வழியில் அடைப்பும் கசிவும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கை வைத்தால் குழம்பிப் போவேன்.

"பெரிய சர்வீஸ் சென்டர்ல இதுக்குன்னு புகை விடற மிஷின் இருக்கும். குழாய்க்குள்ள புகையை விட்டா, எங்க ஓட்டையோ அங்க வெளிய வரும். என்கிட்ட அது இல்ல."

"புகைதானுங்களே?" சுடலையண்ணன் எழுந்தே விட்டார். "பக்கத்துக் கடையில சாம்பிராணி இருக்குது, வாங்கியாரட்டுங்களா?"

"அண்ணா! டேங்க் பக்கத்துல நெருப்பா? சாமிக்குச் சாம்பிராணி போடறதுக்குப் பதிலா நாம மூணு பேரும் நேராவே சாமிகிட்டப் போயிரலாம்!"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வேண்டியது மிக மென்மையான காற்றழுத்தம். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரை வைத்தால் குழாயெல்லாம் பிய்ந்துவிடும். மெதுவாக அடிக்க வேண்டும், அடித்தது எவ்வளவு என்று முள் காட்ட வேண்டும். யோசித்தபோது பக்கத்து வீட்டு வனிதா ஞாபகத்துக்கு வந்தாள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். அன்று லீவு. கூப்பிட்டவுடன் பிபி பார்க்கிற கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"யாருக்கு பிரஷர்? ரவிக்கா? முகத்தைப் பாத்தாலே தெரியுது."

"ரவிக்கு இல்ல. வண்டிக்கு."

அவள் கருவியைத் தோளிலிருந்து இறக்கினாள். பிறகு கையில் சுற்றுகிற பட்டையைக் கழற்றி ரப்பர் பல்பையும் முள் உள்ள டயலையும் மட்டும் கொடுத்தாள். "பெட்ரோல் பட்டுச்சுன்னா புதுசு நீதான் வாங்கித் தரணும்."

"பெட்ரோல் உள்ள வராது. நம்ம காத்துதான் அங்க போகும்."

டேங்க் மூடியை இறுக்கி மூடிவிட்டு, கேனிஸ்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் பல்பின் ரப்பர் குழாயை மாட்டினேன். வெளிக்காற்றுக் குழாயை நான் தொடவில்லை. அது திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான் எவ்வளவு அடித்தாலும் காற்று அதன் வழியாக வெளியே போய்விட வேண்டும். முள் அசையவே கூடாது.

பல்பை அமுக்கினேன். முள் அசைந்தது. இன்னொரு தடவை அமுக்கினேன். ஏறி, அங்கேயே நின்றது.

"இவ்வளவுதானா? ரொம்ப லோ பிரஷர்," என்றாள் வனிதா. "உப்புப் போட்டு மோர் குடுக்கலாம்."

"இதுக்கு ஜீரோதான் நார்மல். ஏறவே கூடாது. வெளிக்காத்துக் குழாயை யாரோ அடைச்சிருக்காங்க."

படுத்து வண்டிக்கு அடியில் போனேன். மூட்டை ஏற்றுகிற தளத்துக்குக் கீழே, முன்பக்கமாக, விரல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாய் கீழ்நோக்கி வளைந்து முடிகிறது. அதன் வாயில் துணி திணித்திருந்தது. கட்டை விரலால் அமுக்கி அமுக்கி, நன்றாகத் திணித்திருந்தார்கள். பிடுங்கினேன். அடியிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு தைலம்.

துணியை நடுவில் போட்டேன். கட்டம் போட்ட துணி, ஒரு பழைய மஃப்ளரின் ஓரம். வனிதா சுடலையண்ணன் கழுத்தில் இருந்த மஃப்ளரைப் பார்த்தாள். ரவியும் பார்த்தான். சுடலையண்ணனும் குனிந்து அதைப் பார்த்தார், அப்போதுதான் முதல் தடவை பார்ப்பது போல.

"நல்லதுக்குத்தாங்க பண்ணேன்," என்றார். "ரவி மூஞ்சியைப் பாக்க முடியல. நேத்து வாசம் எங்கிருந்து வருதுன்னு அடியில பூந்து மோந்து பாத்தேன். அந்தக் குழாய்ல இருந்துதாங்க வந்துச்சு. மூக்குல பிரச்சனைன்னா தைலந்தானுங்களே? ரெண்டு சொட்டு விட்டு..."

"ரெண்டு சொட்டா?" என்றான் ரவி.

"பாதி பாட்டிலு."

"ஐயோ அண்ணா! மூக்கடைப்புக்குத் தைலம் போடறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். தைலத்தாலேயே மூக்கை அடைச்சுட்டீங்களே!" என்றேன்.

வனிதா சிரித்துச் சிரித்து வண்டி மீது சாய்ந்துவிட்டாள். ரவிக்கும் சிரிப்பு வந்தது, வராதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இப்போது எல்லாம் பொருந்தியது. வண்டி மலை ஏறி வந்ததில் உள்ளே அமுங்கிக் கிடந்த ஆவி, சாயங்காலம் தைலத் துணியைத் தாண்டிப் பிதுங்கி வந்து, மேலே இருந்த கொழுந்து மூட்டைக்குப் பெட்ரோல் கொஞ்சம், தைலம் நிறைய என்று பரிமாறியிருக்கிறது. மறுநாள் இறங்கியபோது டேங்க்குக்குள் காற்று போக வழியில்லை. வண்டியோடு வந்த பழைய மூடியில், உள்ளே மட்டும் காற்றை விடுகிற குட்டி வால்வு ஒன்று உண்டு. ஆபத்துக்கு அது உதவியிருக்கும். கடையில் வாங்கிய பூட்டு மூடியில் அது இல்லை. அதனால்தான் கல்லாறில் நின்று போனது.

துணி போன பிறகு பல்பை அமுக்கினேன். முள் அசையவில்லை. நல்லது. இப்போது அந்தக் குழாய் வாயை ரவியைக் கட்டை விரலால் அடைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அமுக்கினேன். முள் ஏறியது, நின்றது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இறங்கவே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்றால், மூடி, டேங்க், குழாய்கள், எதிலும் கசிவு இல்லை.

"அப்ப போன வாரம் அடிச்ச பெட்ரோல் வாசம் எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டார் சுடலையண்ணன்.

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதிலையும் அவர்தான் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். அந்தக் குழாயிலிருந்துதான். அவருடைய மூக்கு தப்பு செய்யவில்லை, வைத்தியம்தான் தப்பு. காற்று மட்டும் வர வேண்டிய குழாயில் பெட்ரோல் ஆவி வருகிறது என்றால், நடுவில் இருக்கிற கரி தன் வேலையைச் செய்யவில்லை.

கேனிஸ்டரைக் கழற்றிக் கையில் எடுத்தபோதே தெரிந்துவிட்டது. ரொம்பக் கனம். தட்டின் மேல் சாய்த்தேன். பெட்ரோல் சொட்டியது. ஆவியைப் பிடிக்கத்தான் கரிக்குத் தெரியும். பெட்ரோலையே ஊற்றினால் ஓட்டையெல்லாம் நிரம்பி, மழையில் நனைந்த மெத்தை மாதிரி ஆகிவிடும்.

"ரவி, பெட்ரோல் எங்க போடறே?"

"மேட்டுப்பாளையத்துலதாங்க்கா. எங்க ஊருப் பக்கம் பங்க் ஏது? அதனால கழுத்து வரைக்கும் போட்டுருவேன்."

"கழுத்து வரைக்கும்னா?"

"வாய்ல தெரியற வரைக்கும். பங்க்குல துப்பாக்கி மாதிரி இருக்கே, அது டக்குன்னு நிக்கும். அப்புறமும் கொஞ்சம் கொஞ்சமா அமுக்கிப் போடச் சொல்லுவேன். சுடலையண்ணா பின்னாடி நின்னு வண்டியை ஆட்டுவாரு."

"எதுக்கு?"

"காத்து வெளிய போயி இன்னும் கொஞ்சம் இறங்குமுங்க," என்றார் சுடலையண்ணன் பெருமையாக. "நான் ஆட்டற ஆட்டுக்கு நல்லாவே இறங்கும்."

குக்கரில் பருப்பை விளிம்பு வரை நிரப்பி யாராவது விசில் வைப்பார்களா? டேங்க்கிலும் அப்படித்தான் மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். பெட்ரோல் விரிய, ஆவி நிற்க, மலையில் வண்டி சாயும்போது அலைபாய. அந்த டக் சத்தம் 'போதும்' என்பதற்குத்தான். அதற்கு மேல் ஊற்றியது, பர்லியாருக்கு மேலே வருகிற வளைவுகளில் சாய்ந்து, ஆவி போகிற குழாய் வழியாகக் கரிக்குள் போய் விழுந்தது. ஒரு நாள் போனால் கரி சமாளித்திருக்கும். தினமும் போனால் என்ன செய்யும்?

ரவி கேனிஸ்டரைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "இது நாளைக்குள்ள காயுங்களா?"

"காயாது. புதுசு வேணும்."

கோயமுத்தூரில் எனக்குத் தெரிந்த ஸ்பேர் கடைக்குப் போன் போட்டேன். ஒன்றே ஒன்று இருந்தது. கடைக்காரர் அதை ஊட்டி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். ரவி குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு என் ஸ்கூட்டரில் போய், வருகிற எல்லா பஸ்ஸிலும் ஏறி இறங்கி, சாயங்காலம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். பழைய மூடியையும் புதுக் கேனிஸ்டரையும் மாட்டி, டேங்க்கில் தளும்பியதைக் கேனில் இறக்கி, மறுபடி பிபி பார்த்தோம். ஜீரோ. கையால் அடைத்தால் ஏறியது. எடுத்தால் இறங்கியது.

"ஆரோக்கியமா இருக்கு," என்று வனிதா கருவியைச் சுருட்டினாள். "உப்பைக் குறைக்கச் சொல்லு."

"பெட்ரோலைக் குறைக்கச் சொல்லியிருக்கேன்."

மறுநாள் நானும் அவர்களோடு போனேன். வேலை முடிந்துவிட்டது என்று சும்மா சொல்லிவிடலாம், ஆனால் மலை இறங்கி ஏறுவதைப் பார்க்காமல் எனக்கு மனம் ஆறாது. ஒரு காலி தண்ணீர் பாட்டிலை இறுக்கி மூடி டேஷ்போர்டில் வைத்தேன். கல்லாறு வந்தபோது அது இடுப்பு ஒடுங்கிக் கிடந்தது. வண்டி இருமவில்லை. ரவி ஒவ்வொரு வளைவிலும் பாட்டிலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு பங்க்குக்குப் போனோம். பழக்கம் பொல்லாதது. டக் சத்தம் கேட்டது. பங்க்கில் இருந்தவர், "இன்னும் கொஞ்சம் இறங்குமுங்க, போடட்டுங்களா?" என்றார். அந்த நேரம் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்தது. பின்னால் சுடலையண்ணன் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தார்.

"அண்ணா! ஆட்டாதீங்க! போதுமுங்க, போதும், எடுங்க!" என்று ரவி கத்திய கத்தலில் பக்கத்து வரிசையில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

திரும்பும்போது டேஷ்போர்டில் சிப்ஸ் பாக்கெட் வைத்தேன். பர்லியாரில் அது லேசாகத் தொப்பை போட்டது. குன்னூரைத் தாண்டிக் காட்டேரி என்கிற ஊர் வந்தபோது தலையணை போல ஆகிவிட்டது. நான் இறங்கி, வண்டிக்கு அடியில் அந்தக் குழாய் வாயை மோந்து பார்த்தேன். மண் வாசம், ஈர ரோட்டு வாசம். பெட்ரோல் இல்லை. திரும்பி வந்து ஏறினால் சுடலையண்ணன் பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வெடிச்சிருமுங்க அம்மிணி. அதான் மூச்சு விட வெச்சேன்."

சாயங்காலம் ஃபேக்டரி. கொழுந்து மூட்டைகள் இறங்கின. எடை போடுகிற இடத்தில் பிரீத்தி என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், அந்த வேற வண்டிக்காரர் எதற்கோ வந்தவர் போலச் சுவரில் சாய்ந்து நின்றார். ரவி என் பக்கத்தில் நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினான்.

சில்வஸ்டர் சார் தும்மிக்கொண்டே வந்தார். கையில் கர்ச்சீப். மூட்டையைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்து முகத்தருகே கொண்டு போனார். நின்றார். மறுபடி மோந்தார்.

"ரவி," என்றார் வருத்தமாக. "இன்னைக்கும் தைலம்ப்பா."

ரவி பொத்தானிலிருந்து கையை எடுத்தான். சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

 கேனிஸ்டர் புதிது. துணி போயாயிற்று. பின்னே எங்கிருந்து? பிறகு, நேற்று வண்டிக்கு என்ன செய்தேனோ அதையே இங்கும் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"சார், ஒரே ஒரு உதவி. கொழுந்தைக் கீழ போட்டுட்டு, அந்தப் பக்கம் நகந்து சும்மா காத்தை மோந்து பாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் நல்ல மனிதர், நகர்ந்து நின்று மோந்தார். புருவம் ஏறியது.

"காத்துலயும் தைலம் அடிக்குதே!"

"உங்க கர்ச்சீப்பைப் பிரீத்திகிட்டக் குடுத்துட்டு மறுபடி மோந்து பாருங்க சார்."

பிரீத்தி கர்ச்சீப்பை வாங்கிய வேகத்தில் தூரப் பிடித்தாள். "சார், இதுல முக்கா பாட்டிலு இருக்கும்!"

நான் மெதுவாகத் திரும்பினேன். ரவியும் திரும்பினான். மூட்டைகளுக்குப் பின்னால் சுடலையண்ணன் பாதி மறைந்து நின்றார்.

"கேட் பக்கத்துல சாரைப் பாத்தேனுங்க," என்றார். "பாவம், ஒரே தும்மலு. கர்ச்சீப்பைக் கீழ விட்டாரு, எடுத்துக் குடுக்கறப்ப ரெண்டு சொட்டு..."

"அண்ணா!" என்று நானும் ரவியும் ஒரே குரலில் கத்தினோம்.

சில்வஸ்டர் சார் குழாயில் முகம் கழுவி, துண்டால் துடைத்து வந்தார். ஆனால் மூக்கு ஒத்துழைக்கவில்லை. "எனக்கு இன்னைக்கு இது வேலைக்கு ஆகாது. பிரீத்தி, நீ வந்து பாரு." அவள் எழுந்து வந்து, எந்த மூட்டை வண்டியில் டேங்க்குக்கு மேலே இருந்தது என்று கேட்டு, சரியாக அதைப் பிரித்து, அடியிலிருந்து அள்ளினாள். கண்ணை மூடி மோந்தாள். ரவி என் கையைப் பிடித்திருந்தது அவனுக்கே தெரியவில்லை.

"பச்சை வாசந்தான் சார்," என்றாள். "நல்லா இருக்கு."

அவர் இன்னும் இரண்டு மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். அவையும் அப்படியே. "சரி, எடை போடு. நாளைக்கும் நீயே கொண்டாப்பா ரவி," என்றார். சுவரில் சாய்ந்திருந்தவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போனார். ரவி முதலில் செய்தது, பிரியாவுக்குப் போன் போட்டது. பேசியது ஒரே வார்த்தை: "பாஸு!"

நாங்கள் கிளம்பும்போது சில்வஸ்டர் சார் சுடலையண்ணனைக் கூப்பிட்டார். அவர் பயந்துகொண்டே போனார்.

"அந்தப் பாட்டிலை இங்கயே வெச்சுட்டுப் போ. கொழுந்து வாங்கி முடிச்சப்புறம் போட்டுக்கறேன். இதமா இருக்கு."

சுடலையண்ணன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். இரண்டடி வந்தவர் திரும்பிப் போனார்.

"மூடியை இறுக்கி மூடி வைங்க சார்," என்றார். "இல்லைன்னா ஆவியாப் போயிருமுங்க."